கொண்டி

வெளிநாட்டுப் பிள்ளை வந்தால்
இருபத்துநாலு மணி நேரத்துக்குள்
சி படிவம் ஏற்றியாக வேண்டும்.
விடுதி ஆபீசில் அது என் வேலை.
பாஸ்போர்ட்டைப் பிரித்துவைத்து
எழுத்துக் கூட்டினேன்: சிக்கொண்டி.
சிக்கு தெரியும், சீப்பில் வருவது.
கொண்டி தெரியும், கதவில் இருப்பது.
இரண்டையும் சேர்த்து ஒரு பெண்ணுக்கு
யார் பேர் வைப்பார்கள்?
கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு
எனக்கு இங்கிலீஷ் இல்லை.

எங்கிருந்து வருகிறார்: மலாவி.
அடுத்து எங்கே போகிறார் என்றொரு கட்டம்.
வெகுநேரம் யோசித்து
"மெஸ்" என்றாள்.

முதல் வாரம் பேருக்கேற்ற கதவு.
துளசிமணி தட்டினாள், தள்ளியும் பார்த்தாள்,
அசையவில்லை.
உள்ளே கொண்டி போட்டுக்கிட்டு
அழுறா போல மேடம் என்றாள்.
பழகிடும், விடு என்றார் வார்டன் அமலோற்பவம்.
நானும் விட்டேன்.

போதும் என்பதுதான்
அவள் கற்ற முதல் தமிழ்.
ரசம் வாளி நெருங்கினால் சொல்வாள்,
தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு.
வாழப்பாடி பஸ் ஸ்டாண்டில்
செல்ஃபிக்கு மூன்றாவது ஆள் வந்தபோது
கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.
ஒருநாள் ஃபோனில்
அவள் அம்மாவிடமே சொல்லிவிட்டாள்.
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
பிறகு இருவரும் சிரித்தது
வராந்தா வரைக்கும் கேட்டது.

அவள் பின்னல்களைச் சிலர்
கேட்டுவிட்டுத் தொட்டார்கள்,
சிலர் கேட்காமல்.
நான் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் பேங்க் கணக்குக்காக
சேலம் டவுனுக்கு நான்தான் கூட்டிப்போனேன்.
வலப்பக்கம் சேர்வராயன் மலை,
உச்சியில் பாதியை மேகம் தின்றிருந்தது.
அவள் பார்க்கவில்லை,
மடியிலிருந்த ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜவ்வரிசி மில் வந்தது.
வருவதற்கு ஒரு கிலோமீட்டர் முன்பே
அதன் புளித்த வாடை வந்துவிடும்.
பஸ்ஸே மூக்கைப் பொத்தியது.
கண்டக்டர் விசிலைக் கையில் எடுத்துவிட்டு
கர்ச்சீப்பை வாயில் வைத்தார்.
நானும் முந்தானையை இழுத்தேன்.
இவள் எழுந்து
ஷட்டரை முழுசாக மேலே தூக்கினாள்.

அக்கா, இது என்ன, இது என்ன?

மரவள்ளி, என்றேன் துணிக்குள்ளிருந்து.
சினாங்வா, என்றாள்.
கையாலேயே காட்டினாள்:
உரித்து, ஊறப்போட்டு, மூணு நாள்
நொதிக்கவிட்டு, இடித்து, காயவைத்து,
கிளறினால் கட்டியாக, கறுப்பாக, களி.
ஏரிக்கரையில் அவள் வீடு
இப்படித்தான் நாறுமாம்.
நாறும் என்பது என் சொல்.
அவள் சொன்ன சொல் வேறு எதுவோ.

என் அப்பா இருபத்தாறு வருஷம்
அந்தத் தொட்டிகளில் முழங்காலளவு நின்றவர்.
ஆறாம் வகுப்பில் என் பெஞ்சில்
ஒரு ஆள் இடம் எப்போதும் காலி.
கல்யாணத்தின்போது
மில்லில் கணக்கு எழுதுகிறார் என்று
சொல்லி வைத்திருந்தோம்.
இதையெல்லாம் அவளுக்குச் சொல்லவில்லை.
முந்தானையை எடுத்தேன்.
முழுதாக இல்லை,
ஒரு பக்க மூக்கு வரைக்கும்.

பேங்கில் டோக்கன் எண்பத்தொன்று,
ஓடிக்கொண்டிருந்தது நாற்பது.
அவள் ஒரு சலானைத் திருப்பிப்போட்டு
பேனாவால் ஏதோ வரைந்தாள்:
ஒரு கதவு, ஒரு வளையம்,
நுழைய வேண்டிய கம்பி.
இதுக்குத் தமிழ்ல பேர் என்ன அக்கா?

கொண்டி.

ஏமாற்றுகிறேனா என்று முகத்தைப் பார்த்தாள்.
தன் நெஞ்சைத் தொட்டு, படத்தைத் தொட்டு,
செக்யூரிட்டி திரும்பிப் பார்க்கிற அளவுக்குச்
சிரித்தாள்.
பிறகு படத்தில் அந்தக் கம்பியை மட்டும்
நிதானமாக அடித்துவிட்டு,
அவளுடைய பெரிய பெட்டியைக்
கதவுக்கு முட்டுக்கொடுத்தாற்போல வரைந்து,
தேர்வு எழுதுகிற குரலில் சொன்னாள்:

பதினேழாம் ரூம். கொண்டி இல்ல.

பராமரிப்பு நோட்டில்
மாதா மாதம் 'எல்லாம் சரி' என்று
கையெழுத்துப் போடுவதும்
என் வேலைதான்.